வீட்டு வைஃபையில் யாருக்கு இடம்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்காரர், அனெக்ஸில் இருப்பவர், அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே வைஃபையைப் பாவிக்கிற வீடுகள் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் நிறைய. மாதம் முடிய முன்னமே டேட்டா தீர்ந்தால், "ரவுட்டருக்குள் போய் அந்தப் போனை புளொக் பண்ணுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். பண்ணலாம், ஆனால் அது நிற்காது.

ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது மெக் முகவரியை வைத்துத்தான். இரண்டிரண்டாக ஆறு சோடி, மொத்தம் 12 எழுத்தும் இலக்கமும். முன்பு அது கருவியோடு வந்தது, மாறாது. 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 தொடக்கம் போன்களே ஒவ்வொரு வைஃபைக்கும் வேறொரு முகவரியை (பிரைவேட் அட்ரஸ்) உண்டாக்கிக் கொடுக்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றென்றால் அது பெரும்பாலும் அப்படி உண்டாக்கியதுதான். நீங்கள் புளொக் பண்ணியவர் செட்டிங்ஸில் அதை நிறுத்திவிட்டால் போதும், ரவுட்டருக்கு அவர் புது ஆள்.

அதனால் தடுப்புப் பட்டியலை விட அனுமதிப் பட்டியல் மேல். பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில ரவுட்டர்களில் 192.168.0.1 அல்லது 192.168.8.1, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே வைஃபை அல்லது செக்கியூரிட்டி பகுதியில் மெக் ஃபில்டர் இருக்கும். முதலில் வீட்டுப் போன்களில் இந்த வைஃபைக்கு மட்டும் பிரைவேட் அட்ரஸை நிறுத்துங்கள். பிறகு அவற்றின் மெக் முகவரிகளை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், உங்கள் கருவியையும் சேர்த்துத்தான். எல்லாம் முடிந்த பிறகே ஃபில்டரை இயக்குங்கள். அவசரப்பட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அப்போது லான் கேபிளைக் குத்தி உள்ளே போகலாம். ரீசெட் துவாரத்தில் ஊசியை விடாதீர்கள், இணைப்பு நிறுவனம் போட்ட அமைப்புகளும் சேர்ந்து அழியக்கூடும். பல ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை அலைவரிசைகள், அவற்றுக்குப் பட்டியலும் வேறு வேறு. ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு, ஆள் எப்படி வந்தார் என்று தேடுவதில் பயனில்லை.

இவ்வளவு செய்தாலும் மெக் முகவரி காற்றில் மறைப்பில்லாமல்தான் போகிறது. பாஸ்வேர்டும் தெரிந்த ஒருவர் அதைப் படித்துத் தன் லேப்டொப்பில் போட்டுக்கொள்ளலாம். உண்மையான பூட்டு பாஸ்வேர்ட்தான்.

என் கணிப்பில், வாடகைக்கு ஆள் இருக்கும் வீட்டுக்கு நல்ல வழி கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரவுட்டரில் வேறு பெயரும் பாஸ்வேர்டும் உள்ள தனி வைஃபை. தங்குபவர்களுக்கு அதை மட்டும் கொடுங்கள். சில ரவுட்டர்களில் அதற்கு வேக எல்லையும் போடலாம். அதிலிருந்து உங்கள் பிரின்டரும் டிவியும் பொதுவாகத் தெரியாது, அது நல்லதுதான். பிரதான வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது 3 என்ற பாதுகாப்பு முறை, குறைந்தது 12 எழுத்தில் புதுப் பாஸ்வேர்ட். பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனாலோ பின் இலக்கத்தாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்திவிடுங்கள்.

உள்ளே இருக்கும் பல போன்களால் கியூஆர் படமாகப் பாஸ்வேர்டைப் பகிர முடியும். ஆகவே ஒருவர் அறையைக் காலி செய்து போனதும் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிரதான பாஸ்வேர்டை மாற்றும் நாளில் சிசிடிவி கமராவை மறக்க வேண்டாம். பல கமராக்களுக்கு 2.4 மட்டுமே பிடிக்கும், புதுப் பாஸ்வேர்டைக் கொடுக்கும் வரை அது பதிவு அனுப்பாது.