கொடிமலை: ஏறியவர்களும் தூக்கியவர்களும்

எல்லோருக்கும் வணக்கம். தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், குறிப்புத்தாள் பறக்கிறது. நன்றி.

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள். பினாங்கில் நின்றுகொண்டு கொடிமலையைப் பற்றிப் பேசுவது ஆயர் ஈத்தாம் சந்தையில் லக்சா விற்கப் போவது மாதிரிதான். உங்களில் பாதிப்பேர் என்னைவிட அதிகம் ஏறியிருப்பீர்கள். இருந்தாலும் ஒரு விஷயம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மலைக்கு எந்தெந்தத் துரை போனார், எந்த பங்களாவில் தங்கினார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அரை வரிதான். அந்த அரை வரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக முதலில் பெயர். மலாயில் புக்கிட் பெண்டேரா. பெண்டேரா என்றால் கொடி. நாம் அதை அப்படியே தமிழாக்கிக் கொடிமலை என்று சொல்லிவருகிறோம். ஆங்கிலத்தில் வெறும் பினாங்கு ஹில். நம்முடைய பெயரில்தான் கதை இருக்கிறது. மேலே கொடிமரம் நட்டு, கடலில் கப்பல் தென்பட்டதும் கொடி ஏற்றிக் கீழே கார்ன்வாலிஸ் கோட்டைக்குத் தெரிவிப்பார்கள். வாட்ஸப் இல்லாத காலம். சரக்கு வருகிறது என்பதைக் கப்பல் கரை சேருமுன்னே தெரிந்துகொண்ட வியாபாரிக்கு அந்தத் துணிதான் லாபம். கொடி பறந்த உச்சி 735 மீட்டர். ஆனால் அதுவே உயரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரே மலை இல்லை, தொடர்ச்சி. மேற்குப் பக்கம் இருக்கும் உச்சி 833 மீட்டர்.

பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கினார். காடு வெட்டி ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. சேறு, கொசு, காய்ச்சல். வந்த வெள்ளைக்காரர்கள் ஈசல் மாதிரி செத்தார்கள். லைட்டே 1794-இல் மலேரியாவில்தான் போனார். அவர் கல்லறை இன்னும் நம் டவுனில் பிராங்கிபானி பூமரங்களுக்கு நடுவே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், 1788-லேயே, மனுஷன் மலைமேலே பாதை போடச் சொல்லியிருக்கிறார். எதற்கு? ஸ்ட்ராபெரி பயிரிட! கீழே ஊர் இன்னும் உருப்படியாகவில்லை, மேலே துரைக்கு ஸ்ட்ராபெரி கேட்கிறது. அந்த இடத்துக்கு ஸ்ட்ராபெரி ஹில் என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

சிரிக்கிறோம், சரி. ஆனால் கணக்குப் பாருங்கள். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் நீலகிரி ஏறியது 1819-இல். ஊட்டியெல்லாம் அதற்கப்புறம். அதற்கு முப்பது வருஷம் முன்பே இங்கே வெள்ளைக்காரன் குளிர்தேடி மேலே போய்விட்டான். கீழே இருப்பதைவிட மேலே ஐந்து டிகிரி குறைவு. காய்ச்சல்காரனுக்கு அந்த ஐந்து டிகிரிதான் மருந்து. வைத்தியர்கள் சீட்டு எழுதுவதுபோல மலைக்கு அனுப்பினார்கள்.

இப்போது அந்த அரை வரிக்கு வருகிறேன். காய்ச்சல்காரன் எப்படி ஏறுவான்? நடக்க முடிந்தால் அவன் ஏன் மலைக்குப் போகிறான்? மட்டக்குதிரை ஒரு வழி. இன்னொரு வழி டோலி. நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொள்வார், இரண்டு பக்கமும் மூங்கில் தடி, தடிக்கு அடியில் தோள். ஜீப் பாதையில் ஏறிப் பழகியவர்கள் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். சும்மா ஏறினாலே வழியில் இருக்கிற ‘84’ என்ற தங்குமிடம் வருவதற்குள் முழங்கால் பேச ஆரம்பிக்கிறது. முன்னால் போகிறவன் தடியை இடுப்புக்குத் தாழ்த்த வேண்டும், பின்னால் வருகிறவன் தலைக்குமேலே தூக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் துரை பின்பக்கமாகச் சரிந்துவிடுவார். பழைய புகைப்படங்களில் நாற்காலியில் இருப்பவரின் தொப்பிகூடத் தெளிவாகத் தெரிகிறது. தூக்குகிறவர் யார் என்று எந்தப் படத்துக்கு அடியிலும் எழுதவில்லை. டோலி என்ற சொல்லே எங்கிருந்து இந்தத் தீவுக்கு வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் புரியும். அதோடு இன்னொன்றும் நினைவில் வையுங்கள். 1790 வாக்கிலிருந்தே இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். இந்தத் தீவின் பழைய சாலைகளில் அவர்கள் கை படாதது குறைவு.

நம் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் வேறு ஒரு மலைச்சரிவு இருந்தது. தாவரத் தோட்டத்துக்குள்ளே இருக்கிற அருவி. கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் அங்கிருந்துதான் போனது. டவுனுக்கும் அந்தத் தண்ணீர்தான். அருவியடியில் முருகனுக்கு ஒரு சின்னக் கோயில். பிற்பாடு அது குன்றின்மேல் ஏறியது, 1915-இல். அதுதான் நம் தண்ணீர்மலை. 2012-இல் குடமுழுக்குக் கண்ட புதுக்கோயிலுக்கு 513 படி. எண்ணிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாட்டிமார்தான் எண்ணியிருக்கிறார்கள். கொடிமலையில் பிறர் பாரத்தைத் தூக்கிய அதே தோள்கள் இங்கே தங்கள் நேர்த்திக்கடனுக்காகக் காவடி தூக்கின. இரண்டும் அடுத்தடுத்த சரிவுகள். என் ஆத்தா தைப்பூசத்தன்று படியில் நின்று மேற்கே காட்டி, “அது துரைமார் மலைடா, இதுதான் நம்ம மலை” என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரிதான். மேலே கவர்னருக்கு பெல் ரெட்டிரோ என்று ஒரு பங்களா. சாமானியர் அந்தப் பக்கம் போனால் தோட்டக்காரராக, சமையல்காரராக, பால்காரராகத்தான். பணக்காரச் சீனர்கள்கூடச் சரிவில் கொஞ்சம் கீழேதான் வீடு கட்டிக்கொண்டார்கள். ஈ அண்ட் ஓ ஓட்டல் நடத்திய ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் மேலே கிராக் ஓட்டலை நடத்தினார்கள். அந்தக் கட்டடத்தில்தான் 1955 முதல் 1977 வரை அப்லாண்ட்ஸ் பள்ளிக்கூடம் இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மேகத்துக்குள் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

மலையை மாற்றியது ரயில். முதல் முயற்சி 1897-இல் தொடங்கி 1906 வாக்கில் கோளாறாகி நின்றுபோனது. இரும்பெல்லாம் சரிவில் கிடந்து துருப்பிடித்தது. அப்புறம் ஜான்சன் என்ற ரயில்வே எஞ்சினியர் சுவிட்சர்லாந்து போய் மலை ரயில்களைப் பார்த்துவிட்டு வந்து புதிதாகத் திட்டம் போட்டார். 1923 அக்டோபரில் பொதுமக்களுக்கு ஓட ஆரம்பித்து, 1924 ஜனவரி முதல் தேதி கவர்னர் கில்லமார்ட் முறைப்படி திறந்துவைத்தார். பாதையின் நீளம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊர்க் கிணற்றில் சகடை பார்த்திருக்கிறீர்களா? ஒரே கயிறு, இரண்டு முனையிலும் வாளி. இது இறங்க அது ஏறும். அவ்வளவுதான். கம்பி வடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் இன்னொரு பெட்டி. இறங்குகிற பெட்டியின் கனமே ஏறுகிற பெட்டிக்குப் பாதி உதவி. மேலே இருக்கிற மோட்டார் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நடுவழியில் மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பெட்டியும் விலகிக்கொள்ளும். டோலித் தூக்கியவர்களுக்கு இந்த வசதி இருந்ததில்லை. அவர்களுக்கு எதிர்ப்பக்கம் யாரும் இறங்கிக்கொண்டிருக்கவில்லை.

நான் முதன்முதலில் போனது ஏழு வயதில், பள்ளி விடுமுறையில். மரப்பெட்டி. பெட்டியே படிக்கட்டு மாதிரி இருக்கும், ஒரு அறைக்கு மேலே இன்னொரு அறை. அப்பாவுக்கு ஓயாத இருமல், அம்மா கையில் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் நாலு பொட்டலம். அப்போதெல்லாம் ஒரே வண்டியில் உச்சிக்குப் போக முடியாது. நடு ஸ்டேஷனில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். அந்த மாறுகிற இடத்தில்தான் குளிர் தொடங்கும். அம்மா எனக்கு மேல்சட்டை மாட்டிவிட்டது அங்கேதான். அந்தச் சட்டைக்கு அதுதான் முதல் வேலை, டவுனில் யார் ஸ்வெட்டர் போடுகிறார்கள்? எதிர்வண்டி எங்களைக் கடந்து போனபோது அதில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். நாங்களும் காட்டினோம். மேலே போனதும் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுனையும் கடலையும் பார்த்தபடி நின்றார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தான் வேலை பார்க்கிற இடம் தீப்பெட்டி அளவு இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அங்கே நிக்கிறப்போ இவ்வளவு சின்னதா தெரியலையே” என்றார்.

1977-இல் மரப்பெட்டிகள் போய்ச் சிவப்புப் பெட்டிகள் வந்தன. 2010-இல் பாதையையே மூடி, 2011-இல் புது வண்டி விட்டார்கள். நூறு பேர் ஏறலாம், நடுவில் மாற வேண்டியதில்லை. அரைமணி நேரம் எடுத்தது இப்போது பத்து நிமிஷத்துக்குள். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்வெட்டர் மாட்டுகிற இடம் போய்விட்டது. குளிர் இப்போது படிப்படியாக வருவதில்லை, கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கிறது. கூட்ட நாளில் வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் விலைச் சீட்டு வேறு. காசு உள்ளவர் முதலில் ஏறுவது இந்த மலைக்குப் புதிதில்லை.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். வண்டி இவ்வளவு வேகமாகப் போகிற காலத்தில்தான் ஜனங்கள் நடந்து ஏறுகிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்குத் தாவரத் தோட்ட வாசலுக்கு வாருங்கள். 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய தோட்டம், நம்மவர்களுக்குக் குரங்குத் தோட்டம். அங்கிருந்து உச்சி வரை தார் போட்ட ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர். எழுபது வயதுச் சீன அங்கிள்கள் கையில் ரேடியோவோடு போவார்கள். மலாய்ப் பிள்ளைகள் ஓடுவார்கள். நம் ஆட்கள் மூன்று மூன்று பேராகக் குடும்ப விஷயம் பேசிக்கொண்டு போவார்கள், மூச்சு வாங்கினாலும் பேச்சு நிற்காது. மூன் கேட் என்ற வட்ட வாசல் வழியாகக் காட்டுப்பாதையில் ஏறினாலும் அந்த ‘84’ தங்குமிடத்தில்தான் வந்து சேருவோம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு பார்க்கக் கிடைத்தால் அதன் குட்டியைத் தேடுங்கள். தாய் கறுப்பு, குட்டி மட்டும் ஆரஞ்சுப்பழ நிறம். யாரோ வேறு வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல இருக்கும்.

போன வருஷம் மழைக்கு அடுத்தநாள் குறுக்குவழி தெரியும் என்று பெருமை பேசி என் மைத்துனரைக் காட்டுக்குள் கூட்டிப் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். காலில் ஆளுக்கு நாலு அட்டை. அவர் இப்போதும் என்னை ‘கைடு’ என்றுதான் கூப்பிடுகிறார்.

நடக்க இந்த மலை மிஞ்சியிருப்பதே சண்டை போட்டதால்தான். 1990-இல் உச்சியில் பெரிய ஓட்டல், கேளிக்கைப் பூங்கா, கோல்ஃப் திடல், கேபிள் கார் என்று ஒரு திட்டம் கிளம்பியது. நீர்ப்பிடிப்பு என்ன ஆகும், சரிவு தாங்குமா என்று கேட்டுப் பல அமைப்புகளும் தனிமனிதர்களும் ‘பினாங்கு மலையின் நண்பர்கள்’ என்று சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. சரிவு தாங்குமா என்ற கேள்விக்கு 2017 நவம்பரில் மலையே பதில் சொன்னது. ஒரே ராத்திரி மழையில் இடம் இடமாக மண் சரிந்து ஜீப் பாதை அறுந்தது. 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றியுள்ள காட்டையும் கடற்கரையையும் சேர்த்து 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் மூன்றாவது. இப்போது மறுபடியும் கேபிள் கார், தாவரத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து. ரயில் பழுதானால் மாற்றுவழி வேண்டும் என்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, வயதானவர்கள் மேலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? எனக்குள்ள பயம் வேறு. ஏற்றுவதற்கு வழி கூடினால், மேலே நிறுத்துவதற்கு இடம் தேடுவார்கள். இடம் தேடினால் மரம் போகும். கூட்டம் எவ்வளவு என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் வண்டியைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, கேள்வி நேரத்தில் என்னைத் திட்டலாம்.

நேரம் முடிந்தது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்பு மட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன் கேட் அருகில் கூடுகிறோம். பிடிமானமுள்ள காலணி, மழைக்கு ஒரு சட்டை. அப்புறம் ஆளுக்கொரு பெரிய புட்டி தண்ணீர் கூடுதலாகக் கொண்டுவாருங்கள், உங்களுக்கு இல்லை, ‘84’-இல் தேநீர் போடுகிறவர்களுக்கு. மேலே வரை நாம்தான் தூக்க வேண்டும். என் மைத்துனரும் வருகிறார், வழி அவர்தான் காட்டுவார்.