ஆடிக் கறக்கிற மாடும் நடத்தைப் பகுப்பாய்வும்

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, உளவியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, சிறப்புப் பள்ளித் தாளாளர்களே, விடுப்பு போட்டு வந்திருக்கும் ஆசிரியர்களே, குறுவை நடவு நேரத்திலும் வலங்கைமான், குடவாசல் பக்கமிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கும்பகோணம் வர்த்தகப் பெருமக்களுக்கும் காலையிலிருந்து நாற்காலி போட்ட மாணவர்களுக்கும் தனியாக நன்றி. முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களை ஒவ்வொருவராக வணங்க ஆசைதான். நேரம் கருதி ஒருசேர வணங்குகிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். சூழல் மாறும்போது நடத்தை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்கும் துறைதான் நடத்தைப் பகுப்பாய்வு. அதன் வரலாறு ஒன்று. அதன் கோட்பாடு ஒன்று. இந்தத் துறையில் ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ வர நினைக்கும் மாணவர் போக வேண்டிய வழி ஒன்று.

நம் பெரியவர்கள் சொல்வார்கள்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இந்தத் துறையின் ஆராய்ச்சி முறை இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். நூறு பேரைச் சேர்த்துச் சராசரி எடுப்பது இங்கே முக்கியமில்லை. ஓர் உயிரை எடுத்துக்கொண்டு, அது முன்பு என்ன செய்தது, சூழலை மாற்றிய பின் என்ன செய்கிறது, மாற்றத்தை விலக்கினால் என்ன செய்கிறது என்று அதை அதனோடேயே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

1898-இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் பூனையைக் கூண்டில் அடைத்து, அது தாழ்ப்பாளைத் திறக்கக் கற்கும் நேரத்தை அளந்தார். 1913-இல் இன்னோர் அமெரிக்க உளவியலாளர் வாட்சன், உளவியல் நடத்தையைத்தான் படிக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்து வருகிறவர் பி. எஃப். ஸ்கின்னர். 1904-இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், 1931-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய சனிக்கிழமைக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டிக்குள் எலி. சுவரில் ஒரு நெம்புகோல். எலி அதை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். இன்றைக்குக் கடையில் வாங்குவது போல அன்றைக்கு உருண்டை விற்கவில்லை. ஸ்கின்னரே மாவு பிசைந்து, கயிறு போல நீளமாக இழுத்து, மருந்துக் கடைக்காரர்கள் மாத்திரை உருட்டும் பித்தளைக் கருவியில் வைத்து உருட்டிக் காயவைப்பார். எலிகள் எட்டு. ஒவ்வொன்றும் நாளுக்கு நூறு உருண்டை தின்னும். எட்டு நூறு எண்ணூறு! மனிதர் எப்போது படிப்பார், எப்போது எழுதுவார்? ஒரு சனிக்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்து கணக்குப் போட்டார். அன்று முழுக்க உட்கார்ந்து உருட்டினால் உண்டு, இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இருப்பு தீர்ந்துவிடும். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. அழுத்தும்போதெல்லாம் எதற்கு உருண்டை கொடுக்க வேண்டும்? நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார். எலி நிற்கவில்லை, சீரான வேகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய செய்தி பின்னால் வந்தது. இப்படி விட்டு விட்டுப் பெற்றுப் பழகிய எலி, உருண்டையை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் அழுத்தியது. ஒவ்வொரு முறையும் பெற்ற எலியோ சீக்கிரம் ஓய்ந்தது. இந்த இடைவிட்ட வலுவூட்டலை அவரும் உடன் ஆராய்ந்த ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1957-இல் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள்.

தாய்மார்களே, இதில் உங்கள் வீடு இருக்கிறது. மகாமகக் குளக்கரைக் கடைத்தெருவில் பிள்ளை தரையில் புரண்டு பொம்மைக்கு அழுகிறது. மூன்று நாள் மறுக்கிறீர்கள். நான்காம் நாள் ஊரே பார்க்கிறதே என்று வாங்கிக் கொடுக்கிறீர்கள். அந்த நான்காம் நாள்தான் அழுகையை வேரூன்றச் செய்தது. கொடுப்பதை நிறுத்திய புதிதில் அழுகை உடனே குறையாமல் போகலாம், சில பிள்ளைகளிடம் கூடவும் செய்யும். கூடும்போது பயந்து கொடுத்தால், உரக்க அழுதால்தான் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நிறுத்த முடியாது என்று தோன்றினால் தொடங்கவே வேண்டாம். தன்னையே அடித்துக்கொள்ளும், தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு மருத்துவரும் பயிற்சி பெற்றவரும் பக்கத்தில் இல்லாமல் இந்த வழியைத் தொடவே கூடாது.

கோட்பாட்டுக்கு வருகிறேன். மொழியைப் பற்றி ஸ்கின்னர் 1957-இல் எழுதியதையும் 1959-இல் மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதிய மறுப்பையும் பேச நினைத்திருந்தேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. "அடியாத மாடு படியாது" என்று இன்னும் வகுப்பறையில் சொல்கிறோம். அடி அந்த நிமிடம் நிறுத்தும். அதனால்தான் அடிக்கிற கை மறுபடி ஓங்குகிறது. பிள்ளை எதற்காக அப்படிச் செய்தது என்ற காரணத்தை அடி தொடுவதே இல்லை.

1982-இல் ஆய்வாளர் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் அந்தக் காரணத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் முறையை வகுத்தார்கள். பதினைந்து நிமிட அமர்வுகள். ஒன்றில் பிள்ளை தன்னைத் தாக்கிக்கொண்டால் மட்டும் பெரியவர் கவனிப்பார். இன்னொன்றில் பாடம் கொடுத்து, தாக்கிக்கொண்டால் பாடத்தை விலக்குவார். ஒன்றில் பிள்ளை தனியாக இருக்கும். ஒன்றில் தாராளமாக விளையாட்டு. எந்த அமர்வில் எண்ணிக்கை ஏறுகிறதோ அங்கே காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கவனிப்பு வேண்டும், ஒரு பிள்ளைக்குப் பாடத்திலிருந்து விடுதலை வேண்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். 1985-இல் கார், டுராண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அதே பலனைக் கேட்டுப் பெறும் வார்த்தையைப் பிள்ளைக்குக் கற்பித்தால் தொந்தரவு குறைவதைக் காட்டினார்கள். பாடம் கடினமாகும்போது மேசையைத் தள்ளும் பிள்ளைக்கு "உதவி வேணும்" என்று சொல்லவோ, ஓர் அட்டையை நீட்டவோ கற்பியுங்கள். நீட்டிய உடனே உதவி வர வேண்டும். தாமதித்தால் பழைய வழிக்கே போகும்.

ஆசிரியர்களே, பள்ளிக்கு ஒரு தாள் போதும். மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. பெரும்பாலும் தவறுவது நடுக்கட்டத்தில். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் எண்ண முடியாது. "நோட்டைக் கீழே எறிந்தான், 10:40" என்று எழுதுங்கள். அன்று இரவு நினைவிலிருந்து எழுதாதீர்கள், அந்த இடத்திலேயே எழுதுங்கள். எதையும் மாற்றாமல் முதலில் ஐந்து பள்ளி நாள் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் பின்னால் குறைந்ததா கூடியதா என்று சொல்லவே முடியாது.

மூன்றாவது, மாணவர்களுக்கு. உளவியல் முதுகலை, தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்பது ஒரு வழி. சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்வது இன்னொரு வழி. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியம் 2023 தொடக்கத்திலிருந்து நம் நாட்டு விண்ணப்பங்களைப் புதிதாக ஏற்பதில்லை. எனவே இந்தத் துறையை இங்கேயே கட்ட வேண்டும்.

கட்ட முடியுமா என்று கேட்பவர்கள் பிரேசிலைப் பாருங்கள். ஸ்கின்னரோடு ஹார்வர்டில் படித்த கெல்லர், 1961-இல் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். கரோலினா போரி போன்ற அந்நாட்டு ஆசிரியர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். பாடம் போர்த்துகீசியத்தில் நடந்தது. இன்று இந்தத் துறை அங்கே வேரோடியிருக்கிறது.

நமக்குத் தமிழ் இருக்கிறது, தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் வேதாரண்யத்துத் தாய் ஆட்டிசப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பயிற்சி தேடிச் சென்னைக்குப் பக்கத்து முட்டுக்காட்டுக்கோ வேலூருக்கோ ரயில் ஏறுகிறாள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பயிற்றுநர் எங்கே?

கேட்பது இரண்டுதான். டெல்டாவில் ஓர் அரசுக் கல்லூரியில் தமிழில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு, ஒரு சிறு கவனிப்பு அறையோடு. ஒன்றியத்துக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு ஊதியத்தோடு பயிற்சி. முதலமைச்சருக்கும் உயர்கல்வித் துறைக்கும் அனுப்ப மனு தயாராக மேடையின் வலப்பக்க மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், ஒன்றியம் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதப் படிக்காத தாய்மார்கள் மாணவர்களிடம் சொன்னால் எழுதித் தருவார்கள். மூன்று கட்டத் தாளும் அதே மேசையில் இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்று வீதம் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.