இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு செம்மண் கோடு

வணக்கம் நேயர்களே. மும்பையிலிருந்து புனேக்கு ரயிலில் போனால் கண்டாலா மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்காருங்கள். எதிரே மலை படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும். ஸ்வீடிஷ் மொழியில் படிக்கட்டுக்கு 'டிரப்பா' என்று பெயர். இந்தப் படிக்கட்டுப் பாறை அடுக்குகளுக்கு 'தக்காண டிராப்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. தமிழில் இதைச் சிலர் 'தக்காணப் பொறி' என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. எலி பிடிக்கும் பொறிக்கும் இந்த மலைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு படியும் ஓர் எரிமலைக் குழம்பு ஓட்டம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலம் ஆசியாவோடு இன்னும் ஒட்டாமல் வடக்கே நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், தரை நீள நீளமாகப் பிளந்தது. அந்தப் பிளவுகள் வழியே குழம்பு பொங்கிப் பரவியது. அது ஆறி இறுகிய பசால்ட் பாறை இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேஷ்வர் பக்கம் அடுக்குகளின் கனம் 1,000 மீட்டரைத் தாண்டும்.

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்ததல்ல. மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் கறுப்புப் பாறைக்கு நடுவே சிவப்பாக ஒரு பட்டை ஓடும். விரலால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். ஓர் ஓட்டம் ஆறிய பிறகு வெயிலும் மழையும் பட்டு மேற்பரப்பு மண்ணாகியது. அடுத்த குழம்பு வந்து மூடியபோது அந்த மண் சூளையில் வைத்த செங்கல் போல வெந்துவிட்டது. சில ஓட்டங்களுக்கு இடையே ஏரிகள் கூட இருந்திருக்கின்றன. அவற்றின் படிவுகளில் நத்தை ஓடுகளும் செடிகளின் தடங்களும் கிடைக்கின்றன. எரிமலை ஓய்ந்திருந்த காலத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

ஓட்டத்தின் மேற்பகுதியைப் பார்த்தால் குமிழி குமிழியாகத் துளைகள். வாயு வெளியேறிய வழி அது. பின்னால் அந்தத் துளைகளில் வெள்ளைப் படிகங்கள் வளர்ந்தன. ஜியோலைட் என்பது அதுதான். கல்லை உடைத்தால் உள்ளே பளபளக்கும்.

மகாராஷ்டிரத்தின் பருத்தி நிலம் இந்தப் பாறை சிதைந்து உண்டான கரிசல். நம் கோவில்பட்டிக் கரிசலும் கறுப்புதான், ஆனால் அதன் தாய்ப்பாறை வேறு. தக்காண ஓட்டங்கள் தமிழ்நாடு வரை வரவில்லை.

மகாராஷ்டிரத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்த அடுக்குகள் சோறு போடும் விஷயம். இறுகிய பசால்ட்டில் தண்ணீர் தங்காது. விரிசல்களிலும், துளைகள் நிறைந்த மேற்பகுதியிலும், ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலும்தான் ஊற்று கசியும்.