கலகக்காரனுக்குப் பந்தி போட்ட வாத்தியார்

நடுவர் அய்யாவுக்கும் அவைக்கும் வணக்கம். துவண்டுபோன படையை நிமிர்த்துவது தலைவனின் கண்டிப்பா, கனிவா? கனிவுதான். முடிஞ்சுது, இனி அண்ணனைக் கவனிப்போம்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டாரே, கேட்டீங்களா? “கலகம் பண்ணினவனுக்குப் பந்தி போட்டா, பக்கத்துப் படைக்காரனும் இலையைத் தூக்கிட்டு வந்துடுவான்”னு. நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். வாங்க, அந்தப் பந்திக்கே போவோம்.

1863, மே மாசம். அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்குத் தரப்புல மெயின்னு ஒரு மாநிலம். அதோட 20-ஆம் படைக்குப் புதுத் தலைவர் ஜோஷ்வா சேம்பர்லெயின். பரம்பரைப் பட்டாளத்துக்காரர்னு நினைக்காதீங்க. காலேஜ் வாத்தியார்! என்ன பாடம் நடத்தினார்? பேச்சுக்கலை. நடுவர் அய்யா நிமிர்ந்து உட்கார்றார் பாருங்க!

அவர்கிட்ட 120 பேரைக் கொண்டுவந்து தள்ளுறாங்க. எல்லாரும் அதே மெயின் மாநிலத்து 2-ஆம் படை ஆளுங்க. கூட இருந்தவங்க ரெண்டு வருஷக் கணக்கு முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க. இவங்க மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவங்க. “எங்க படையே கலைஞ்சாச்சு, இனி எதுக்குச் சண்டை?”னு உட்கார்ந்துட்டாங்க. சுத்தி ஈட்டி மாட்டின துப்பாக்கியோட காவல். மூணு நாளா சோறு இல்லை. மேலிடத்து உத்தரவு என்ன? மறுத்தா சுடு!

அண்ணனா இருந்தா என்ன பண்ணியிருப்பார்? ஒண்ணு, ரெண்டு, மூணு, டமார்!

வாத்தியார் என்ன பண்ணினார்? காவலை விலக்கினார். சாப்பாடு போட்டார். மறுபடி சொல்றேன், அண்ணன் காதுல விழட்டும்: சாப்பாடு போட்டார்! துணிமணி கொடுத்தார். அப்புறம்தான் பேச்சு. “உங்களை விருந்தாளியா வெச்சுக்க முடியாது. பட்டியல்ல பேர் இருக்கு, சிப்பாயாத்தான் நடத்துவேன். உத்தரவுக்குக் கட்டுப்பட்டா உங்க உரிமை எதுவும் போகாது. உங்க குறைக்கு என்ன வழின்னு நான் பார்க்கிறேன்.” ஆளுநருக்கும் கடிதம் எழுதினார். கும்பலா இருந்தா மறுபடி முறுக்கிக்குவாங்கன்னு கம்பெனி கம்பெனியாப் பிரிச்சும் போட்டார். இது கனிவா, தந்திரமான்னு அண்ணன் கேட்பார். அவர் வாத்தியார், அண்ணே! ரெண்டும் இருக்கும்!

ஒண்ணு ரெண்டு பேர் தவிர எல்லாரும் துப்பாக்கி எடுத்தாங்க.

சரி, பக்கத்துப் படை இலையோட வந்துச்சா? வந்தது எதிரியோட அலபாமாப் படை, துப்பாக்கியோட! ஜூலை 2, கெட்டிஸ்பர்க் போர்க்களம், லிட்டில் ரவுண்ட் டாப் குன்று. திரும்பத் திரும்ப ஏறி வர்றான். இவங்ககிட்ட தோட்டா தீர்ந்துபோச்சு. ஓடிப்போக அதைவிட நல்ல சாக்கு உண்டா? துப்பாக்கி முனையில ஈட்டியோட குன்றை விட்டுக் கீழே பாய்ஞ்சாங்க அய்யா! சாப்பிட்ட கையி!

அண்ணன் முதல் உலகப் போர்ல, 1917-ல நடந்த பிரெஞ்சுப் படைக் கலகத்தையும் இழுத்தார், தளபதி பெத்தேன் கலகக்காரங்களைச் சுட்டாரேன்னு. சுட்டார், மறுக்கலை. அந்தப் பெத்தேன்தான் லீவையும் சாப்பாட்டையும் சரி பண்ணினார். அண்ணன் புத்தகத்துல அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.

மணியில கை வெக்காதீங்க அய்யா, ஒரே ஒருத்தனைப் பத்திச் சொல்லிடறேன். ஆண்ட்ரூ டோசியர். அந்த 2-ஆம் மெயின் படையிலேர்ந்து வந்தவன். அன்னிக்குக் குன்று மேல கொடி அவன் கையில. சுத்தி இருந்தவங்க விழுந்துட்டாங்க. கொடிக்கம்பை முழங்கை மடிப்புல இடுக்கிக்கிட்டு, கிடைச்ச துப்பாக்கியால சுட்டுக்கிட்டே நின்னான். பின்னாடி நாட்டோட உயர்ந்த வீரப் பதக்கமும் வந்தது.

ஆனா போர் முடிஞ்சு ஊருக்கு வந்தவன் வாழ்க்கை கெட்டுப்போச்சு. திருட்டுல மாட்டினான். தண்டனை. அப்போ மெயின் மாநில ஆளுநர் யாரு? அதே சேம்பர்லெயின்! மன்னிப்பு கொடுத்தார். அதோட நிறுத்தலை. “வாடா”ன்னு அவனையும் அவன் பொண்டாட்டியையும் தன் வீட்டுலயே தங்க வெச்சார் அய்யா. படை கலைஞ்சு, போரும் முடிஞ்சு, அவனால இவருக்கு ஆகவேண்டிய காரியம் ஒண்ணுமே இல்லாத நேரத்துல.

கண்டிப்பு அணி அவனை எங்கே வெச்சிருக்கும்னு அடுத்து வர்ற தம்பி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.