ஒரே கோவிட், வேறு வேறு மருந்துச் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். கோவிட் முற்றிய ஒருவரைக் காப்பாற்றிய ஸ்டீராய்டை, காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு இதைச் சோதித்தது. டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதோரில் 41.4 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள், பெற்றோரில் 29.3 சதவீதம்தான். ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களிடம் பலன் சிறியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் ஏதும் இல்லை. மருந்து எடுத்தவர்களில் இறப்பு சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

காரணம் இதுதான். முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. அதை எதிர்த்து நிற்பது நம் நோய் எதிர்ப்பு ஆற்றல். அப்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தக் காவலைத் தளர்த்துகிறோம், சர்க்கரையும் எகிறும். வைரஸை அடக்கும் நிர்மட்ரெல்விர் மாத்திரைக்கு உரிய காலம் அதுவே: அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள். பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து எண்ணுவது அடிக்கடி நடக்கும் தவறு. தொண்டை கரகரத்த நாள்தான் முதல் நாள். பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நுரையீரலைப் புண்ணாக்குவது கட்டுமீறிய அழற்சி. ஸ்டீராய்டுக்கு அங்கேதான் வேலை.

வென்டிலேட்டர் வரை போனவர்களும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஆக்சிஜன் அளவு மோசமாக இறங்கியும் நுரையீரல் இளக்கமாகவே இருக்கும். சிலருக்கு விறைத்துப் போயிருக்கும். விறைத்த நுரையீரலில் காற்றை அழுத்தித் திணித்தால், நல்ல பகுதியும் கிழியும். ஆகவே மூச்சின் அளவைக் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்று வைக்கிறோம். இந்தக் கிலோ, தராசு காட்டும் எடை அல்ல. உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 170 சென்டிமீட்டர் ஆணுக்கு அது 66 கிலோ, அதாவது ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர். அவர் 100 கிலோ இருக்கிறார் என்று 600 வைத்தால் ஆபத்து; உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. அப்படியும் ஆக்சிஜன் ஏறாவிட்டால், நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைக்கிறோம். முதுகுப் பக்கம் மூடிக்கிடந்த காற்றறைகள் அப்போது திறக்கும்.

இரத்த உறைவைத் தடுக்கும் ஹெபாரினிலும் இதே கதை. முழு அளவு மருந்து வார்டில் இருந்தவர்களுக்கு உதவியது; தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டவர்களுக்கு உதவவில்லை, இரத்தக்கசிவு அபாயம்தான் மிச்சம்.

வீட்டில் இருப்பவர்கள் ஆக்சிஜன் அளவை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவியால், உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, நகப்பூச்சு இல்லாத விரலில் பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடமாவது விடுங்கள். 94-க்குக் கீழே நின்றால், மூச்சு திணறாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறிகுறி தொடங்கிய தேதியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.