நிழலின் நுனி எங்கே?

வணக்கம், நேயர்களே. பழஞ்சீன வானியல் என்றால் வால்வெள்ளியும் கிரகணமும்தான் பலருக்கு நினைவு வரும். அரசவை வானியலாளருக்கோ பஞ்சாங்கம்தான் பிழைப்பு. அதற்கு அடித்தளம், சூரியன் தென்கோடிக்குப் போய்த் திரும்பும் கணம்.

வழக்கமான கருவி, எட்டு ச்சி (பழைய சீன நீள அளவு) உயரக் கம்பம். சுமார் இரண்டு மீட்டர். நண்பகலில் அதன் நிழல் எந்த நாளில் மிக நீளமோ அதுவே திரும்பும் நாள். ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நிழலில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இராது.

கி.பி. 461-இல் ட்ஸு சொங்ஜி என்ற சீன வானியலாளர், அந்த நாளை விட்டுவிட்டு மூன்று வாரம் முன்னும் பின்னும் அளந்தார். அப்போது நிழல் விறுவிறுவென்று மாறும். சீன நாட்காட்டியின் பத்தாம் மாதம் 10ஆம் நாள் 10.7750 ச்சி. பதினோராம் மாதம் 25ஆம் நாள் 10.8175, மறுநாள் 10.7508. ஆக, முதலில் கண்ட நீளம் 25ஆம் நாள் நண்பகலுக்குப் பின் 0.64 நாள் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பதினோராம் மாதம் 3ஆம் நாள், திருப்பம். அழகான கணக்கு!

அடுத்த தொல்லை, நிழலின் மங்கல். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. 1270-களில் குவோ ஷௌஜிங் என்ற வானியலாளர், கம்பத்துக்குப் பதில் கோபுரம் வைத்து உயரத்தை 40 ச்சியாக்கினார். ஹெனான் மாநிலத்தின் தெங்ஃபெங் அருகே அந்தச் செங்கல் கோபுரம் இன்றும் நிற்கிறது. வடக்கே 31 மீட்டர் நீளக் கல் அளவுகோல், மட்டம் பார்க்க அதன்மேல் இரண்டு நீர்க்கால்வாய்கள். உயரம் ஐந்து மடங்கானால் மங்கலும் ஐந்து மடங்குதான்: குளிர்காலத்தில் நிழலோரம் முப்பது சென்டிமீட்டருக்குக் கலங்கிக் கிடக்கும். வெறும் உயரத்தால் பயனில்லை.

அதற்குத்தான் ஊசித்துளையிட்ட சிறு செப்புத் தகடு. சூரியனுக்கு நேராகச் சாய்த்து, கல்மேல் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அரிசிமணி அளவில் சூரிய பிம்பம் விழும். கோபுர உச்சியின் குறுக்குச்சட்டம் அதில் மெல்லிய கோடாகத் தெரியும். கோடு பிம்பத்தைச் சரிபாதியாகப் பிளக்கும் இடமே அளவு.

1281-இல் நடைமுறைக்கு வந்த அவரது பஞ்சாங்கத்தில் ஆண்டு 365.2425 நாள். ஐரோப்பாவின் கிரகோரியன் நாட்காட்டிக்கும் அதே எண்தான், 1582-இல். குவோவுக்குக் காலமும் கைகொடுத்தது. முன்பின் அளவுகளுக்கு நடுவே திருப்பத்தை வைப்பது, சூரியன் இருபுறமும் ஒரே சீராக நகர்ந்தால்தான் முற்றிலும் சரி. பூமி சூரியனை மிக நெருங்கும் நாள் திருப்பத்தோடு ஒட்டி வந்தது அவர் காலத்தில்தான். ட்ஸுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.