பொறுத்தார் பூமி ஆள்வார்: யாருக்குச் சொன்னது?

(ஆண்கள் ஐக்கிய சங்க ஆண்டுவிழாவில் பேசியது)

தலைமை தாங்கும் சேகரகுரு ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா, நீங்கள் உட்கார்ந்திருக்க நான் நின்று பேசுவதே எனக்குப் பெரிய பாக்கியம்), பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிமார்களே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். போன வருஷமும் என்னைக் கூப்பிட்டீர்கள், இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி.

யூத மரபிலும் கிறிஸ்தவ மரபிலும் ஆண்மை என்றால் என்ன என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று பகுதியாகக் குறித்து வந்திருக்கிறேன். வேதாகமமும் யூதர்களின் வேத ஆசிரியர்களான ரபிமாரும் முதல் பகுதி. துறவிகளும் சிலுவைப்போர் வீரர்களும் இரண்டாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளம்பிய உடல்வலிமைக் கொள்கை மூன்றாவது.

மரணப் படுக்கையில் தாவீது ராஜா தன் மகன் சாலொமோனிடம், ‘நீ திடன்கொண்டு புருஷனாயிரு’ என்கிறார். அடுத்த மூச்சில் கர்த்தருடைய கட்டளைகளைக் கைக்கொள் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. தன் படைத்தலைவன் யோவாபை நிம்மதியாகச் சாகவிடாதே என்றும் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார். ஒரே படுக்கையில் இரண்டு ஆண்மை. ஒன்று வேதத்தைப் பிடித்துக்கொள்கிறது, மற்றது வாளைப் பிடித்துக்கொள்கிறது.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தது. 135இல் யூதத் தலைவன் பார் கோக்பாவின் கலகத்தையும் ரோமர்கள் நசுக்கினார்கள். வாளை நம்பிய வழி அடைந்துபோன அந்தக் காலத்தில் ரபிமார் ஒரு வேலை செய்தார்கள். எபிரெயத்தில் வீரனுக்குக் கிப்போர் என்று பெயர். யார் கிப்போர் என்று கேட்ட பென் ஸோமா என்ற ரபி, தன் உள்ளத்து இச்சையை ஜெயிக்கிறவன்தான் என்று பதிலும் சொன்னார். அதற்கு நீதிமொழிகளிலிருந்து ஆதாரம் காட்டினார்: பட்டணத்தைப் பிடிக்கிறவனைவிடத் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன். நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழி உண்டு. பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார். மலைப்பிரசங்கத்திலும் சாந்தகுணமுள்ளவர்கள்தான் பூமியைச் சுதந்தரிக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பழமொழியை நாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அழுதுகொண்டு தாய் வீட்டுக்கு வந்து நிற்கிற மகளிடம் சொல்கிறோம். பென் ஸோமா அடிபட்டவளிடம் சொல்லவில்லை. கையில் பலம் இருக்கிறவனிடம் சொன்னார். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு கதை கேளுங்கள். ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தால்மூதில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு, கலிலேயா. ரபி யோகனான் யோர்தான் நதியில் குளித்துக்கொண்டிருக்கிறார். மிகவும் அழகான மனுஷர். கரையில் ரேஷ் லாகிஷ் என்ற கொள்ளைக்காரன். பார்த்தவன் ஒரே பாய்ச்சலில் ஆற்றுக்குள் குதித்துவிட்டான். யோகனான் பயப்படவில்லை. “உன் பலம் வேதத்துக்கு ஆகட்டும்” என்றார். அவன் விடவில்லை. “உன் அழகு பெண்களுக்கு ஆகட்டும்” என்றான். “நீ மனந்திரும்பினால் என் தங்கையைத் தருகிறேன், அவள் என்னைவிட அழகி” என்றார் யோகனான். சரி என்றான். கரைக்குப் போய்த் துணியை எடுக்கப் பார்க்கிறான், வந்த மாதிரிப் பாய முடியவில்லை! சம்மதித்த நொடியிலேயே பழைய பலம் போய்விட்டது. அப்புறம் யோகனான் அவனுக்குப் படிப்பித்தார், தங்கையைக் கட்டிவைத்தார், அவனும் பெரிய ரபி ஆனான்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல சாட்சிக் கதை. முடியவில்லை. ஒருநாள் பள்ளியில் ஒரு தர்க்கம். வாள், கத்தி, ஈட்டி எல்லாம் எப்போது முழுமையான பொருளாகின்றன? உலையில் காய்ச்சும்போது என்றார் யோகனான். தண்ணீரில் தோய்க்கும்போது என்றார் ரேஷ் லாகிஷ். யோகனானுக்குச் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும், “கொள்ளைக்காரனுக்குத்தானே கொள்ளையின் கருவி தெரியும்” என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சொல். அவர் கைகூட நீட்டவில்லை. ரேஷ் லாகிஷ் நொந்து நோயில் விழுந்தார். தங்கை ஓடிவந்து அண்ணன் முன்னால் அழுகிறாள். என் பிள்ளைகளுக்காக மன்னியுங்கள், நான் விதவையாகாமல் மன்னியுங்கள் என்கிறாள். அவரோ, திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வேத வசனத்தாலேயே வாயை அடைக்கிறார். வேதத்தை எப்படியெல்லாம் உபயோகிக்கிறோம் பாருங்கள்! ரேஷ் லாகிஷ் இறந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் யோகனானுக்கு உறைக்கிறது. அவரைத் தேற்ற இன்னொரு ரபியை அனுப்புகிறார்கள். யோகனான் என்ன சொன்னாலும் வந்தவர் தலையாட்டி, அதற்கு ஆதாரம் இருக்கிறது என்கிறார். “லாகிஷின் மகன் (ரேஷ் லாகிஷைத்தான் சொல்கிறார்) 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அப்படித்தான் வேதம் விரிந்தது” என்று யோகனான் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, “லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்” என்று அழுதே புத்தி பேதலித்துச் செத்தார். பொங்கினார் காடாள்வார்.

இதே தால்மூத் இன்னொரு இடத்தில், மனைவியைத் தன்னைப்போல் நேசி, தன்னிலும் அதிகமாகக் கனம்பண்ணு என்கிறது. மனைவி குட்டையானால் குனிந்து அவள் யோசனையைக் கேள் என்கிற இடமும் உண்டு. நம் பக்கம் பழங்காலத் திருச்சபைப் பேராயர் யோவான் கிறிசோஸ்தோம் இருக்கிறார். 407இல் இறந்தவர். மனைவியை அடித்தால் அவமானம் அடிபட்டவளுக்கு இல்லை, அடித்தவனுக்குத்தான் என்று பிரசங்கித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரோதன்பர்க் ரபி மேயிர், அயலானை அடிப்பதைவிட மனைவியை அடிப்பதற்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று தீர்ப்பு எழுதினார். ஏன்? மனைவியைக் கனம்பண்ண நீ கடமைப்பட்டிருக்கிறாய், அயலானுக்கு அப்படிக் கடமைப்படவில்லையே.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். ரோமப் படையை விட்டுத் துறவியான தூர் நகரத்து மார்ட்டின் ஒரு பக்கம், வாளேந்திய துறவிகளான டெம்ப்ளர்களைப் புகழ்ந்து எழுதிய கிளேர்வோ மடத் தலைவர் பெர்னார்டு இன்னொரு பக்கம். தாவீதின் படுக்கை ஞாபகம் வருகிறதா? மூன்றாம் பகுதியில் உடல்வலிமையைப் போற்றிய இங்கிலாந்துக் குரு கிங்ஸ்லி, 1891இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பள்ளியில் பிறந்த கூடைப்பந்து, 1898இல் யூதர்களின் சீயோனிய இயக்கம் பாசல் நகரில் நடத்திய மாநாட்டில் தசைவலிமை கொண்ட யூதர்கள் வேண்டும் என்று பேசிய மாக்ஸ் நோர்டாவ் என்று நிறைய வைத்திருந்தேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

ஏனென்றால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். கல்யாணமான இரண்டாம் வருஷம் நானும் கை ஓங்கியிருக்கிறேன். கை கீழே இறங்கவில்லை, ஆனால் அவள் தலையைக் குனிந்து முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று இரவு நான் ஜெபம் செய்தேன். அவள் என்னோடு முழங்கால் போடவில்லை.

2005இலேயே குடும்ப வன்முறைக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. உதவிக்கு 181 என்ற எண்ணும் இருக்கிறது. பெண்கள் சங்கத் தலைவி அம்மா அந்த எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுத அனுமதி கேட்டிருக்கிறார்கள். சேகரகுரு ஐயா இன்றே சம்மதம் சொல்ல வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ‘என் வீட்டில் யார்மேலும் கை ஓங்க மாட்டேன்’ என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது, அது வீட்டம்மாவுடைய கையெழுத்துக்கு. அவர்கள் போட்டால்தான் கணக்கு. என் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் என் மனைவி நேற்று ராத்திரிதான் போட்டுக் கொடுத்தாள்.